பேர் படத்தில் இருக்கிறதா, பெட்டியில் இருக்கிறதா?

போன இதழின் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன்: கம்ப்யூட்டரிலும் போனிலும் குவிந்து கிடக்கும் படங்களை அடுக்கி வைக்க எந்த மென்பொருள் நல்லது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்க நினைப்பவர்கள் எழுதலாம் என்று. ஒரு துணிப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கோபிச்செட்டிபாளையத்தில் 1987-லிருந்து 2014 வரை எங்களுக்கு ஸ்டூடியோ இருந்தது. வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போவார். நெகட்டிவை வெட்டி, உறையில் போட்டு, நம்பர் எழுதி, நோட்டில் ஏற்றி, பத்து வருஷம் கழித்து வந்து கேட்பவருக்குத் தேடி எடுத்துக் கொடுத்தது நான். எனக்குப் படம் எடுக்க வராது, இன்றைக்கும் கை ஆடும். அடுக்க வரும்.

இரண்டு ஹார்டு டிஸ்க், ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு போன், அறுபது சிடி. எல்லாம் சேர்த்தால் 23,000 படம் தேறும். பெங்களூரில் இருக்கும் மகன் ‘எல்லாத்தையும் கூகுள் போட்டோஸ்ல ஏத்திடுங்கப்பா’ என்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் ‘டிஜிகேம் போடுங்க, இலவசம்’ என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பெருந்துறை

இருவரும் வேறு வேறு சாமானைச் சொல்கிறார்கள் ஐயா. மகன் சொல்வது குடோன், இணையத்தில் படத்தைக் கொண்டுபோய் வைக்கிற இடம். பக்கத்து வீட்டுப் பையன் சொல்வது கணக்குப்பிள்ளை, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற படத்துக்குப் பேர் எழுதி அடுக்குகிற மென்பொருள். குடோனிலும் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார், கெட்டிக்காரர்தான். ‘மாடு’ என்று தேடினால் மாட்டுப் படங்களை எடுத்து நீட்டுவார். ஆனால் அவர் குடோனை விட்டு வெளியே வரமாட்டார். வாடகையும் உண்டு. 2021 ஜூன் 1-க்கு முன்பு, அளவைக் கொஞ்சம் சுருக்கி எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம் என்றிருந்தது. இப்போது மின்னஞ்சல், டிரைவ், படம் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. உங்கள் 23,000 படத்தில் ஒன்றுக்கு 4 எம்பி என்று போட்டாலே 92 ஜிபி ஆகிறது. மாசாமாசம் கட்ட வேண்டியிருக்கும்.

காசு கூடப் பெரிதில்லை. எந்த மென்பொருளை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நான் உட்கார்ந்து அடிக்கிற பேரை நீ எங்கே எழுதி வைக்கிறாய்? படத்துக்குள்ளேயா, உன் பெட்டிக்குள்ளேயா?

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய படங்கள். 2010-ல் அதிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் படங்களை ஸ்கேன் செய்தேன். அம்மாயிக்கு அப்போது 86. சாயங்காலம் பால் கறந்து முடித்ததும் திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காருவோம். படம் ஒவ்வொன்றாக வரும், அம்மாயி விரலை வைத்துச் சொல்லும்: இது இன்னார், இன்ன ஊர், இன்னாருக்குக் கட்டிக் கொடுத்தது. நான் அடிப்பேன். மூன்று மாதம் ஓடியது. அந்தக் காலத்தில் எல்லாரும் புகழ்ந்த ஒரு மென்பொருள்தான், பேர் எதற்கு. முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, பேரைப் போட்டால் அழகாக வரிசை கட்டி நிற்கும்.

2013-ல் லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தோம். ‘படமெல்லாம் எடுத்து வெச்சுட்டீங்களா?’ என்று கேட்டுவிட்டுத்தான் அழித்தார்கள். எடுத்து வைத்திருந்தோம், ஒரு படம் விடாமல். திரும்ப அந்த மென்பொருளை ஏற்றி, படங்களைக் காட்டினேன். எல்லாம் வந்தது. பேர் ஒன்றுகூட வரவில்லை. அது பேர்களையெல்லாம் சி டிரைவில் எங்கோ ஒரு மூலையில் தன்னுடைய தனிக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. அம்மாயி அதற்கு முந்தின வருஷமே போய்விட்டது.

என் அம்மா கல்யாணப் படம் ஒன்று, 1961. பந்தல்காலில் கட்டிய வாழைமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்ப்பான், பொத்தான் இல்லாத சட்டையோடு. அம்மாயி அவன் பேரைச் சொன்னது, ஊரைச் சொன்னது. கூடவே, அன்றைக்குப் பந்தியில் மூன்று தடவை ஒப்புட்டு கேட்டு வாங்கித் தின்றான் என்றும் சொன்னது. ஒப்புட்டு எனக்கு நினைவிருக்கிறது. பேர் இல்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், கடையில் இதே பாடத்தை ஏற்கெனவே படித்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் நெகட்டிவ் நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. நெகட்டிவ் அத்தனையும் பத்திரம், உறை மேல் நம்பரும் பத்திரம். 412 என்றால் யார் கல்யாணம் என்பது நோட்டில் அல்லவா இருந்தது! அன்றிலிருந்து உறை மேலேயே ஊரும் பேரும் எழுதினேன். கம்ப்யூட்டர் வந்ததும் மறந்துவிட்டேன்.

படக் கோப்புக்குள்ளேயே எழுத இடம் இருக்கிறது. கேமரா தானாக எழுதுவது எக்ஸிஃப்: என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கேமராவில் எடுத்தது என்பது. நாம் எழுதுகிற பேர், ஊர், குறிப்புக்கு ஐபிடிசி என்று ஒரு பழைய இடமும், அடோபி 2001-ல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்று ஒரு புது இடமும் உண்டு. இந்தப் பேர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பிரிண்டின் முதுகில் பென்சிலால் எழுதுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் எங்கே போனாலும் எழுத்தும் கூடவே போகும், அடுத்த மென்பொருளும் அதைப் படிக்கும்.

எந்த மென்பொருளையும் பத்து நிமிஷத்தில் சோதித்துவிடலாம். ஒரு ஜேபெக் (.jpg) படத்துக்கு ஒரு பேரைக் குறிச்சொல்லாக (டேக்) போடுங்கள். அந்தக் கோப்பை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் வேறொருவர் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி, வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் என்று போய்ப் பாருங்கள். டேக்ஸ் என்ற வரியில் நீங்கள் அடித்த பேர் தெரிந்தால் அந்த மென்பொருளோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் அதன் அமைப்புகளில் ‘படத்தில் எழுது’ என்கிற மாதிரி ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கூகுள் போட்டோஸில் நீங்கள் முகத்துக்குப் போடும் பேர் படத்துக்குள் போகாது. மொத்தமாகத் திரும்ப எடுக்கும்போது படத்தோடு ஜேசான் என்ற தனித் துண்டுக் கோப்பில் வரும். அந்தத் துண்டைப் படத்தோடு சேர்த்து ஒட்டுவது தனி வேலை. அதனால் என் முடிவு: கணக்கு எழுத டிஜிகேம். 2001-லிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்து வருவது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், காசில்லை. போட்டவுடன் அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய குறிப்புகள்) பகுதிக்குப் போய், குறிச்சொல், தலைப்பு, முகப் பெயர் மூன்றையும் படத்தில் எழுதும் கட்டங்களில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். மகன் மனசும் நோகக் கூடாது. நல்ல ஆயிரம் படத்தைத் தேர்ந்தெடுத்து கூகுளில் ஏற்றுங்கள், பேரப்பிள்ளைகள் பெங்களூரிலிருந்து பார்க்கட்டும்.

23,000 படத்தையும் முதல் நாளே டிஜிகேம் தலையில் கொட்டாதீர்கள். ஒரு கல்யாணம், முந்நூறு படம், அதோடு ஆரம்பியுங்கள். முகம் பார்க்கும் பகுதி முதல் தடவை இணையத்திலிருந்து சில நூறு எம்பி இறக்கிக்கொள்ளும், போன் டேட்டாவில் செய்யாதீர்கள். ஆரம்பத்தில் மாமனாரை மருமகன் என்று சொல்லும். திருத்தத் திருத்தக் கற்றுக்கொள்ளும்.

போல்டருக்கு எப்படிப் பேர் வைப்பது? நான் ஆளுக்கு ஒரு போல்டர் போட்டேன். ‘மாமா’, ‘சித்தி’, ‘பாப்பா’ என்று. இப்போது ஒரே படம் ஐந்து இடத்தில் கிடக்கிறது.
— பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், திருப்பூர்

கம்பெனியில் ஸ்டைல் நம்பர் போட்டு அடுக்குகிற கை, வீட்டில் மட்டும் ஏன் இப்படி வழுக்குகிறது?

போல்டர் என்பது நாளுக்கும் நிகழ்ச்சிக்கும்தான். ஆளுக்கு இல்லை. 2019-02-10 தங்கச்சி கல்யாணம் பெருந்துறை, இப்படி. வருஷம் முன்னால், அப்புறம் மாதம், அப்புறம் தேதி. நாம் பேசுவது போல 10-02-2019 என்று போட்டால், கம்ப்யூட்டர் எல்லா வருஷத்துப் பத்தாம் தேதியையும் ஒரே இடத்தில் கட்டிவிடும். தேதி தெரியாத பழைய படமா? 1974-00-00 என்று போடுங்கள், அந்த வருஷத்தின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேரைத் தமிழிலேயே வைக்கலாம், இன்றைய கம்ப்யூட்டர் எதுவும் முறைக்காது.

ஒரு படம் ஒரு போல்டரில்தான் இருக்க வேண்டும். அந்தப் படத்தில் இருக்கிற ஐந்து பேருக்கு ஐந்து குறிச்சொல். குறிச்சொல்லில் கிளையும் விடலாம்: சீர் என்று ஒன்று, அதற்குக் கீழே நம் பக்கத்துச் சடங்குகளான இணைச்சீர், திரட்டிச்சீர், எழுதிங்கள் மூன்றும். இணைச்சீர் என்று சொடுக்கினால், நாற்பது வருஷத்தில் நடந்த அத்தனை கல்யாணத்திலும் அக்கா தங்கச்சிகள் மாப்பிள்ளைக்குச் செய்த சீர் வரிசையாக வரும். நான் அப்படிப் போட்டுப் பார்த்தபோது ஒரே பட்டுச்சேலை மூன்று கல்யாணத்தில் மூன்று பேர் மேல் வந்தது. அது தனிக் கதை, எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

உறவுமுறையை மட்டும் குறிச்சொல்லாகப் போடாதீர்கள். உங்களுக்கு மாமா (மாமனார்), உங்கள் பையனுக்கு அப்பிச்சி (அம்மாவின் அப்பா). நாளைக்கு அவன் கம்ப்யூட்டரில் ‘மாமா’ என்று வந்து நிற்பது யார்? அதுவும் நம் பக்கத்தில், கல்யாண மண்டபத்தில் கல்லை விட்டெறிந்தால் மாமன் மேலோ மச்சான் மேலோதான் விழும். பேரும் ஊரும் போடுங்கள். வெறும் பேரும் போதாது. எங்கள் வகையில் மட்டும் பழனிசாமி ஒன்பது பேர். ‘பழனிசாமி சென்னிமலை’, ‘பழனிசாமி நம்பியூர் மில்’ என்று போட்டுத்தான் பிரித்தேன்.

தமிழில் குறிச்சொல் போட்டால் ஒரு மென்பொருளில் சரியாகத் தெரிகிறது, இன்னொன்றில் கடைசி எழுத்து சிதைந்து தெரிகிறது. பழைய படங்களில் வேறு மாதிரி ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடக்கிறது. எதனால்?
— தென்னந்தோப்புக்காரர், பொள்ளாச்சி

இரண்டும் இரண்டு வியாதி. இரண்டாவது சுலபம்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அது உள்ளே ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் சட்டை கழன்றுவிடும். எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கிற பொது முறையான யூனிகோடுக்கு மாற்றி அடித்துவிடுங்கள், வேறு வழியில்லை.

முதல் வியாதிதான் சுவாரசியம். ஐபிடிசி என்று பழைய இடம் ஒன்று சொன்னேனே, அதில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் ஒதுக்கம் (பைட் என்பது கம்ப்யூட்டர் எழுத்தை வைக்கிற சின்ன அறை). ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், 64 எழுத்து எழுதலாம். தமிழில் ‘ய’ என்று எழுத 3 பைட். கொம்போ காலோ புள்ளியோ சேர்ந்தால் அதற்குத் தனியாக இன்னொரு 3. ‘பெரியநாயக்கன்பாளையம்’ என்று எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் 12 எழுத்து. பைட் கணக்கில் சரியாக 60. தப்பித்தது! ‘பெரியநாயக்கன்பாளையம் வீடு’ என்று போட்டால் 73. பழைய முறையில் எழுதுகிற மென்பொருள் 64-ல் கத்தி வைத்துவிடும், எழுத்தின் நடுவிலே வெட்டினாலும் கவலைப்படாது. உங்கள் சிதைந்த எழுத்து அதுதான் என்பது என் ஊகம்.

எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. டிஜிகேம் இரண்டிலும் எழுதும். மற்றவற்றுக்கும் ஒத்துப்போக வேண்டுமானால் குறிச்சொல்லைச் சின்னதாக வைத்துக்கொண்டு, நீளமானதையெல்லாம் தலைப்பு எழுதும் இடத்தில் எழுதுங்கள். ஊர் வேறு, வீடு வேறு என்று இரண்டு குறிச்சொல்லாகப் போட்டாலும் சரிதான்.

பிகாசாவில் பத்து வருஷ வேலை செய்து வைத்திருக்கிறேன். இன்னும் பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. விட மனமில்லை.
— மருந்துக் கடைக்காரர், தாராபுரம்

யாருக்குத்தான் மனம் வந்தது? கம்ப்யூட்டரில் படம் அடுக்க கூகுள் கொடுத்த மென்பொருள் பிகாசா, 2016 மார்ச்சில் கூகுளே அதை நிறுத்தியது. ஏற்கெனவே போட்டிருப்பவர்களுக்கு இன்னும் ஓடும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் படுத்த அன்று என்ன செய்வீர்கள்? ஓடும்போதே மூட்டையைக் கட்டுங்கள்.

ஜேபெக் படங்களுக்கு நீங்கள் அடித்த தலைப்பும் குறிச்சொல்லும் படத்துக்குள்ளேயே இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பயம் வேண்டாம். வெளிச்சம் கூட்டியது, ஓரம் வெட்டியது போன்ற திருத்தங்கள் அப்படி இல்லை. ஒவ்வொரு போல்டரிலும் பிகாசா.ஐஎன்ஐ என்று ஒரு மறைந்த கோப்பு இருக்கும், திருத்தம் அதில் வெறும் குறிப்பாகத்தான் கிடக்கும். ‘சேவ்’ கொடுத்தால்தான் படத்தில் ஏறும். கொடுக்கும்போது மூலப்படத்தை ஒரு மறைந்த போல்டருக்குள் எடுத்து வைக்கும். அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

முகப் பெயர்களுக்கு டூல்ஸ் பட்டியலில் எக்ஸ்பெரிமென்டல் என்ற கிளைக்குள் ‘முகங்களை எக்ஸ்எம்பியில் எழுது’ என்ற பொருளில் ஒன்று இருக்கும். அதை ஓட்டிவிட்டு, ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரை அணைக்காமல் விடுங்கள். அப்புறம் டிஜிகேமில் அந்த போல்டர்களைக் காட்டினால் கட்டமும் பேரும் அப்படியே வரும். பிகாசாவின் ‘ஆல்பம்’ மட்டும் வராது, அது படத்தில் இல்லாத வெறும் பட்டியல். அதற்கு ஒரு குறுக்கு வழி: ஆல்பத்தைத் திறந்து, எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து, ஆல்பத்தின் பேரையே குறிச்சொல்லாகப் போட்டுவிடுங்கள்.

கேமரா தேதி எல்லாம் 2000 ஜனவரி 1 என்று காட்டுகிறது. வாட்ஸப்பில் வந்த படங்களுக்கு எடுத்த தேதியே இல்லை. வரிசைப்படுத்தவே முடியவில்லை.
— கல்லூரி மாணவி, கரூர்

பேட்டரி செத்துக் கேமராக் கடிகாரம் பின்னால் போய்விட்டது. ஒரு நல்ல செய்தி: தேதி தப்பாக இருந்தாலும் படங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி சரியாகத்தான் இருக்கும். அதனால் ஒரே ஒரு படத்துக்கு உண்மையான நேரம் தெரிந்தால் போதும். வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, டிஜிகேமில் நேரம் திருத்தும் கருவியில் கொடுத்தால், மொத்தப் படத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். முதலில் நாலு படத்தின் நகலில் செய்து பாருங்கள்.

அந்த ஒரு நேரத்தை எங்கே பிடிப்பது? கல்யாணப் படம் என்றால் பத்திரிகையை எடுங்கள், முகூர்த்த நேரம் அச்சடித்திருக்கும். தாலி கட்டும் படத்தை அதோடு பொருத்துங்கள். இன்னொரு தடவை எனக்கு மண்டபச் சுவர்க்கடிகாரமே படத்தில் மாட்டியது, 7.20. சந்தோஷமாகத் திருத்திவிட்டேன். சாப்பாட்டுப் பந்திப் படத்திலும் அதே 7.20! நின்ற கடிகாரம். திரும்ப எல்லாவற்றையும் தள்ளினேன்.

வாட்ஸப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போதே எக்ஸிஃபைத் துடைத்துவிடும். கோப்பின் பேரில் 20210214 என்று எட்டு இலக்கம் இருந்தால் அது உங்கள் போனுக்கு வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. இனிமேல் அனுப்புகிறவரிடம் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், எழுத்தெல்லாம் அப்படியே வரும். வந்துவிட்ட ‘இனிய காலை வணக்கம்’ பூப்படங்களுக்கு மட்டும் எந்த மென்பொருளும் வேண்டாம், கை போதும்.

ஒரே படம் பல தடவை இருப்பதைத் தானாக அழிக்கும் மென்பொருளை நம்பலாமா?
— லாரி அலுவலகக் கணக்காளர், நாமக்கல்

கண்டுபிடிக்க நம்பலாம், அழிக்க நம்பக் கூடாது. அச்சு அசலாக ஒரே கோப்பு என்றால் பிரச்சினை இல்லை. ‘ஒத்த மாதிரி’ என்று அது காட்டும்போதுதான் கவனம். அசலும், வாட்ஸப்பில் சுருங்கி வந்ததும் அதற்கு ஒன்று, பெரியதை வைத்துக்கொண்டு சின்னதை ஒதுக்குங்கள். ஆனால் மேடையில் மொய் வைக்க வரிசையாக ஏறுகிற கூட்டமும் அதற்கு ஒன்று போலத்தான் தெரியும். அதே மணமக்கள், அதே பின்னணி, நடுவில் நிற்கிற ஆள் மட்டும் வேறு. ஒத்துமை அளவை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேலே வைத்துத் தேடுங்கள். ஒதுக்கியதை உடனே அழிக்காமல் ‘கிடக்கட்டும்’ என்று ஒரு போல்டரில் ஆறு மாதம் போட்டு வையுங்கள்.

லைட்ரூம் சந்தாவை நிறுத்தினால் படமெல்லாம் போய்விடுமா?
— பகுதிநேரப் புகைப்படக்காரர், கோயம்புத்தூர்

லைட்ரூம் என்பது படம் அடுக்கவும் திருத்தவும் அடோபி சந்தாவுக்குக் கொடுக்கும் மென்பொருள். அதில் லைட்ரூம் கிளாசிக் என்றால் போகாது. படம் உங்கள் டிஸ்க்கில்தான் இருக்கிறது. சந்தா தீர்ந்தாலும் திறந்து பார்க்கலாம், தேடலாம், ஏற்றுமதியும் செய்யலாம். படத்தைத் திருத்தும் டெவலப், வரைபடத்தில் காட்டும் மேப் இரண்டும் பூட்டிக்கொள்ளும். நிறுத்துவதற்கு முன்னால் எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எஸ் அழுத்துங்கள், பேரும் குறிப்பும் பெட்டியிலிருந்து படத்துக்கு இறங்கும். அப்புறம், போல்டரை இடம் மாற்றுவதென்றால் லைட்ரூமுக்குள்ளிருந்தே மாற்றுங்கள். வெளியே இருந்து மாற்றிவிட்டால் அதற்குப் படம் எங்கே என்று தெரியாமல் கேள்விக்குறி போட்டுவிடும், அப்படி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறவர்கள் நான்கு பேர்.

அறுபது சிடியில் படம் இருக்கிறது. அது பத்திரம்தானே?
— ஜமுக்காளம் நெசவு செய்யும் குடும்பம், பவானி

இல்லை. வீட்டில் எழுதிய சிடியின் சாயம் வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும். இன்றைக்கே ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். சிடிக்கு 700 எம்பிதான், அறுபதும் சேர்ந்தால்கூட 42 ஜிபி, ஒரு பெரிய பென்டிரைவில் அடங்கிவிடும். படிக்க மறுக்கிற சிடியை வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், சிலது ஒன்றில் அழும், இன்னொன்றில் பாடும்.

புகைப்படக்காரர்கள் 3-2-1 என்பார்கள்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். நாங்கள் இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறோம். ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று காங்கேயத்தில் நாத்தனார் வீட்டு பீரோவில். ஆடிப்பதினெட்டுக்கு ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வோம். புதுப் படம் ஏறிய டிஸ்க் போகும், பழையது வரும். பலகாரத் தூக்கோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவதால் மறப்பதில்லை.

அம்மாவுக்கு 82 வயது. பழைய படங்களில் இருப்பவர்களை அவருக்குத்தான் தெரியும். நான் இன்னும் மென்பொருளே தேர்ந்தெடுக்கவில்லை, தமிழில் வேகமாக அடிக்கவும் வராது. எங்கிருந்து தொடங்குவது?
— பள்ளி சத்துணவு அமைப்பாளர், அந்தியூர்

மென்பொருள் கிடக்கட்டும் அம்மிணி. இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு இன்று சாயங்காலமே உட்காருங்கள்.

அடிக்க வேண்டாம். போனில் குரல் பதிவை ஓட விட்டு, படத்தை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் மெல்லிய பென்சிலால் ஒரு நம்பர். பால்பாயின்ட் வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். ‘நம்பர் பதினேழு’ என்று நீங்கள் சொல்லிவிட்டு அம்மாவைப் பேச விடுங்கள். ஒரு நாளைக்கு இருபது படம் போதும், அதற்கு மேல் போனால் அவர்களுக்குக் களைப்பு வந்து எல்லாரையும் ‘நம்ம ஆளுங்கதான்’ என்று சொல்லிவிடுவார்கள். குரல் கோப்புக்கு அன்றைய தேதியும் படத்தின் நம்பரும் பேராக வைத்துவிடுங்கள். பிறகு ஸ்கேன் செய்து, பேர் ஏற்றுவதை அடுத்த வருஷம்கூடச் செய்யலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஏமாந்தேன், நீங்கள் ஏமாற வேண்டாம். லேப்டாப் போன பிறகு, அம்மாயியோடு உட்கார்ந்தபோது எதற்கோ போனில் பதிவு செய்த ஒரு மணி நேரம் கிடைத்தது. ஓட விட்டுக் கேட்டேன். ‘இவன் அத்தாணிக்காரன். இது அவனுக்கு மூத்தவ. இந்தா, இவனைத் தெரியுதா உனக்கு?’ என்று போகிறது. விரலை வைத்து வைத்துச் சொல்லியிருக்கிறது. குரல் பதிவில் விரல் இல்லையே. அதனால் அம்மா ஒரு முகத்தில் விரலை வைத்ததும், நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘நிற்கிறவங்கள்ல, நமக்கு இடது பக்கத்திலிருந்து மூணாவது ஆள், துண்டு போட்டவர்.’ அப்புறம் பேரைக் கேளுங்கள்.